'30 நாள் லீவு' என்றால் உண்மையில் எத்தனை நாள்? வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

வெளிநாட்டு வேலைக்கான ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது சம்பளத்தைத்தான். அடுத்தது வீட்டு வாடகை, குழந்தைகளின் பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ். விடுப்பு என்ற வரி எங்கோ நாலாவது பக்கத்தில் இருக்கும். "30 நாளா, ஓகே" என்று அதைத் தாண்டிப் போய்விடுவோம்.

ஆனால் போன பிறகு ஊருக்கு எப்போது வர முடியும், எத்தனை நாள் தங்க முடியும், அவசரம் என்றால் கிளம்ப முடியுமா என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த ஒரு வரிதான்.

ஒரு சின்னக் கேள்வி. துபாயில் ஒரு வேலை, ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. ஜெர்மனியில் ஒரு வேலை, 25 நாள் விடுப்பு. எது அதிகம்?

ஜெர்மனி என்பதுதான் பெரும்பாலும் சரியான பதில். எப்படி என்று பார்ப்போம்.

30-ஐ விட 25 பெரியது எப்படி?

ஐக்கிய அரபு அமீரகத்தின் தனியார் துறை தொழிலாளர் சட்டம் (2021-ல் வந்தது, 2022 பிப்ரவரியில் அமலானது) ஓராண்டு வேலை முடித்தவருக்கு 30 நாள் விடுப்பு தருகிறது. அந்த 30 என்பது காலண்டர் நாட்கள். அதாவது லீவுக்கு நடுவில் வரும் சனி, ஞாயிறும் அந்த 30-க்குள் அடக்கம். வாரம் 5 நாள் வேலை என்றால் ஒரே மூச்சில் எடுக்கும் 30 நாளில் வேலை நாட்கள் அதிகபட்சம் 22 தான்.

இதோடு முடியவில்லை. லீவில் இருக்கும்போது பொது விடுமுறை வந்தால், அதுவும் 30-க்குள்ளேயே கழிந்துவிடும் என்கிறது அந்தச் சட்டம். பக்ரீத்துக்கு அங்கே அரஃபா நாளும் சேர்த்து 4 நாள் விடுமுறை. அந்தச் சமயத்தில் ஊருக்கு வந்தால் 4 நாளும் உங்கள் கணக்கில்தான். ஒப்பந்தத்திலோ நிறுவன விதியிலோ இதைவிட நல்ல ஏற்பாடு இருந்தால் அது செல்லும். ஆனால் அது எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நாம்தான்.

ஜெர்மனியில் 25 நாள் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அது பொதுவாக வேலை நாள். வாரத்துக்கு 5 நாள் கழித்தால் முழுசாக 5 வாரம். நடுவில் பொது விடுமுறை வந்தால் அந்த நாள் விடுப்பில் கழியாது.

ஜெர்மனியிலும் ஒரு சின்ன சிக்கல் இருக்கு. 1963-லிருந்து இருக்கும் அந்நாட்டு விடுப்புச் சட்டத்தில் குறைந்தபட்சம் 24 நாள் என்றுதான் எழுதியிருக்கும். அது சனிக்கிழமையையும் வேலை நாளாக வைத்து எழுதிய கணக்கு. வாரம் 5 நாள் வேலை செய்பவருக்கு அது 20 நாள். "சட்டப்படியான விடுப்பு" என்று மட்டும் ஆஃபரில் இருந்தால் 24 கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இருந்தாலும் படித்த வேலைகளில் 25 முதல் 30 நாள் வரை தருவதே அங்கே வழக்கம்.

துபாய்க்குள்ளேயே இரண்டு கணக்கு உண்டு. துபாய் சர்வதேச நிதி மையம் என்ற தனி மண்டலத்துக்கு சொந்தமாகத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது. வங்கி, நிதி நிறுவனங்களில் சேரும் நம்மவர்கள் பலர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். அங்கு குறைந்தபட்ச விடுப்பு 20 வேலை நாள். "வெளியில் 30 தர்றாங்க, இங்கே 20 தானா?" என்று பதறத் தேவையில்லை. வேலை நாளாக மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் இரண்டு நாள்தான்.

பிரிட்டனில் ஏமாறும் இடம் வேறு. சட்டப்படி அங்கே 5.6 வாரம், அதாவது வாரம் 5 நாள் வேலைக்கு 28 நாள். கேட்க நல்லா இருக்கு. ஆனால் இங்கிலாந்தில் வருடத்துக்கு 8 'பேங்க் ஹாலிடே' உண்டு. அவற்றையும் இந்த 28-க்குள் சேர்த்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது. அப்படிச் சேர்த்தால் உங்கள் விருப்பத்துக்கு மிஞ்சுவது 20 நாள். ஆக "பேங்க் ஹாலிடே உட்பட 28" என்பதை விட "பேங்க் ஹாலிடே தவிர 25" என்பது 5 நாள் அதிகம். 'உட்பட', 'தவிர' என்ற ஒரு வார்த்தையில் ஒரு வாரம் போயிடுது.

முதல் வருடம்தான் சிக்கல்

மேலே சொன்ன எண்கள் எல்லாம் ஓரளவு வேலையில் நிலைத்த பிறகு வருபவை. சேர்ந்த முதல் மாதங்களில் நிலைமை வேறு.

அமீரகத்தில் 6 மாதம் முடிந்த பிறகுதான் மாதத்துக்கு 2 நாள் என்ற கணக்கில் விடுப்பு உரிமை வரும். முழு 30 நாள் ஓராண்டுக்குப் பிறகு. தகுதிகாண் காலம், அதாவது புரொபேஷன், 6 மாதம் வரை போகலாம். அந்தக் காலத்தில் உடம்பு சரியில்லாமல் படுத்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு கேட்கச் சட்டத்தில் உரிமை இல்லை. புரொபேஷன் முடிந்தபின் ஆண்டுக்கு 90 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. அதிலும் முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதிச் சம்பளம், மிச்சம் 45 நாளுக்குச் சம்பளம் கிடையாது.

சிங்கப்பூர் பற்றி நம் ஊரில் ஒரு பெரிய கற்பனை இருக்கிறது. அங்கே சட்டப்படியான ஆண்டு விடுப்பு எவ்வளவு தெரியுமா? முதல் வருடம் 7 நாள். வருடத்துக்கு ஒரு நாள் கூடி, 8-வது வருடத்தில்தான் 14 ஆகும். அதுவும் 3 மாதம் வேலை செய்த பிறகு. நம் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே ஓராண்டு முடித்தவருக்கு 12 நாள் விடுப்பும், தனியாக மருத்துவ விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12 என்றும் சொல்கிறது. காகிதத்தில் நம்ம ஊர்தான் முன்னால நிக்குது.

நடைமுறையில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் போகும் பலருக்கு ஒப்பந்தத்தில் இதைவிட அதிகம் கிடைக்கும். ஆனால் 7-க்கு மேல் உள்ள ஒவ்வொரு நாளும் நீங்கள் பேசி வாங்குவதுதான், சட்டம் தருவது இல்லை. 2019 ஏப்ரலுக்கு முன் அதிகச் சம்பளம் வாங்கும் மேலாளர்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாமல் இருந்தது. இப்போது எல்லாருக்கும் பொருந்தும்.

இன்னொரு விஷயம். 'தற்செயல் விடுப்பு', நம்ம பாஷையில் 'சி.எல்.', இந்த நாடுகளின் சட்டங்களில் கிடையாது. "சார், வீட்டில் ஒரு விசேஷம், நாளைக்கு சி.எல். போட்டுக்கறேன்" என்பதற்கு அங்கே தனிக் கணக்கு இல்லை. கேஸ் கனெக்‌ஷன் மாற்றுவதற்கும் குழந்தையின் பள்ளிக் கூட்டத்துக்கும் ஆண்டு விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஊருக்கு வருவதற்கான நாட்கள் இப்படித்தான் ஒன்று ஒன்றாகக் கரையும்.

ஊரிலிருந்து போன் வந்தால்?

யாரும் ஆஃபர் லெட்டர் வாங்கும்போது நினைக்க விரும்பாத கேள்வி இது. ஆனால் அப்பா, அம்மாவை ஊரில் விட்டுவிட்டுப் போகும் ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் இருக்கும் பயமும் இதுதான்.

அமீரகச் சட்டத்தில் துக்க விடுப்பு சம்பளத்தோடு உண்டு. கணவனோ மனைவியோ இறந்தால் 5 நாள். தாய், தந்தை, பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை என்றால் 3 நாள். மாமனார், மாமியார் அந்தப் பட்டியலில் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த 3 நாள், மரணம் நடந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது.

நடப்பில் இது எப்படி இருக்கும்? ராத்திரி போன் வருகிறது. டிக்கெட் பார்த்து, சென்னையோ திருச்சியோ வந்து இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் முதல் நாள் போய்விட்டிருக்கும். "பையன் துபாயிலிருந்து வந்துட்டு இருக்கான்" என்று ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருக்கும் வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடக்கம், மறுநாள் பால் ஊற்றுதல் முடிவதற்குள் 3 நாள் தீர்ந்துவிடும். பதினாறாம் நாள் காரியத்துக்கு இருக்க வேண்டும் என்றால் மிச்ச நாட்கள் முழுக்க ஆண்டு விடுப்பிலிருந்து. சேர்ந்து 6 மாதம்கூட ஆகாதவருக்கு அந்த ஆண்டு விடுப்பும் இருக்காது. சம்பளம் இல்லாத விடுப்புதான், அதுவும் மேலாளர் மனது வைத்தால்.

சிங்கப்பூரில் துக்க விடுப்பு என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை. நிறுவனம் தந்தால் உண்டு. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவும் தொழிலாளர் சட்டத்தில் தனி விடுப்பு கிடையாது. பிரிட்டனில் குடும்ப அவசரத்துக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கிக்கொள்ள உரிமை உண்டு, ஆனால் அதற்குச் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஜெர்மனியில் நெருங்கிய சொந்தம் இறந்தால் சிவில் சட்டத்தின் ஒரு பொதுவான பிரிவின் அடிப்படையில் இரண்டு நாள் போலக் கொடுக்கிறார்கள். அந்தப் பிரிவையே பொருந்தாது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடவும் முடியும்.

அமெரிக்காவில் துக்க விடுப்புக்கு மத்திய அரசின் சட்டம் இல்லை. தீவிர நோயில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள 12 வாரம் வரை வேலையை இழக்காமல் விடுப்பு எடுக்கலாம். ஆனால் அது சம்பளம் இல்லாதது. நிறுவனத்தில் குறைந்தது 50 பேர் இருக்க வேண்டும், நீங்கள் 12 மாதமும் 1,250 மணி நேரமும் வேலை செய்திருக்க வேண்டும். இங்கேயும் மாமனார், மாமியார் சேர மாட்டார்கள்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இந்தச் சட்டங்கள் எல்லாம் பெரும்பாலும் அப்பா, அம்மா அதே ஊரிலோ, ரயிலில் போகும் தூரத்திலோ இருப்பவர்களை நினைத்து எழுதியவை. கடல் தாண்டி வந்தவருக்கு அவை அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருக்காது. அதனால்தான் நிறுவனத்தின் துக்க விடுப்பு விதி என்ன, அதில் பயண நாள் தனியா என்று ஆஃபர் கட்டத்திலேயே கேட்பது அவசியம். அப்போது கேட்டால் அது ஒரு சாதாரணக் கேள்வி. அந்த ராத்திரி கேட்டால் கெஞ்சல்.

தீபாவளிக்கு லீவு உண்டா?

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் அது 11 பொது விடுமுறைகளில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வந்தால் திங்கட்கிழமை ஈடு உண்டு என்பதால், நவம்பர் 9 அங்கே லீவு. ஜெர்மனியில் பொது விடுமுறை ஞாயிறில் வந்தால் அது போனது போனதுதான், ஈடெல்லாம் இல்லை.

சிங்கப்பூரில் தைப்பூசத்துக்குக் காவடி ஊர்வலம் பிரமாண்டமாக நடக்கும், ஆனால் அன்று பொது விடுமுறை கிடையாது. 1968-ல் விடுமுறைகளைக் குறைத்தபோது அது பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலேயே தைப்பூசம் பொது விடுமுறையானது 2021-ல்தான். மலேசியாவில் அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பினாங்கு, சிலாங்கூர், பேராக் போன்ற மாநிலங்களில் உண்டு. தீபாவளிக்கு சரவாக் தவிர நாடு முழுக்க விடுமுறை.

பொங்கல்? சிங்கப்பூரிலும் அது பொது விடுமுறை இல்லை. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் பொங்கல், தீபாவளி இரண்டுக்குமே ஆண்டு விடுப்புதான் எடுக்க வேண்டும். அமீரகத்தின் பொது விடுமுறைகளில் பெரும்பகுதி பிறையைப் பார்த்து முடிவாகும். சரியான தேதி கடைசி நேரத்தில்தான் தெரியும். அதை நம்பி முன்கூட்டியே டிக்கெட் போட்டவர்கள் ஒரு நாள் முன்னே பின்னே ஆகித் தவிப்பது வருடா வருடம் நடக்கும் கதை.

ஜெர்மனியில் எந்த ஊர் என்பதும் முக்கியம். பெர்லினில் ஆண்டுக்கு 10 பொது விடுமுறை. பவேரியா மாநிலத்தில், கத்தோலிக்கர்கள் அதிகம் உள்ள ஊர்களில் 13. ஒரே சம்பளத்துக்கு மியூனிக்கும் பெர்லினும் கேட்டால், விடுமுறையில் மியூனிக்குக்கு 3 நாள் கூடுதல். வாடகையைப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் போய்விடும், அது வேற கதை.

அமெரிக்கா ஏன் தனி?

மேலே சொன்ன நாடுகளில் எல்லாம் சட்டம் ஒரு அடித்தளம் போடுகிறது. அமெரிக்காவில் அந்த அடித்தளமே கிடையாது. தனியார் நிறுவனம் ஒரு நாள்கூடச் சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு தர வேண்டும் என்று மத்திய அரசின் சட்டம் சொல்லவில்லை. 11 தேசிய விடுமுறைகள் இருக்கின்றன, ஆனால் அவை மத்திய அரசு ஊழியர்களுக்கானவை. தனியார் நிறுவனம் அதில் எத்தனையை ஏற்கும் என்பது அதன் இஷ்டம்.

பெரிய ஐ.டி. நிறுவனங்கள் ஆண்டு விடுப்பையும் மருத்துவ விடுப்பையும் சேர்த்து 'பி.டி.ஓ.' என்று ஒரே பெட்டியில் தருவது உண்டு. காய்ச்சலில் படுத்த 4 நாளும் ஊருக்கு வர வைத்திருந்த நாட்களில் கழியும். சில நிறுவனங்கள் 'அன்லிமிடெட் லீவு' என்று விளம்பரம் செய்யும். கேட்க ஜோரா இருக்கும். ஆனால் நாள் கணக்கே இல்லாததால், வேலையை விடும்போது எடுக்காத விடுப்புக்குப் பணம் என்ற பேச்சும் பெரும்பாலும் இருக்காது. கலிஃபோர்னியாவில் சேர்ந்த விடுப்பு என்பது சம்பளத்துக்குச் சமம், வருடக் கடைசியில் அதை அழிக்க முடியாது. வேறு பல மாநிலங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு கவலை. ஊருக்கு வரும்போது விசா ஸ்டாம்பிங் தேவைப்பட்டால், தூதரக அப்பாயின்ட்மென்ட்டும் அதன் பிறகான காத்திருப்பும் லீவு நாட்களைத் தின்னும். 3 வார லீவில் ஒரு வாரம் பாஸ்போர்ட்டுக்காகக் காத்திருப்பதிலேயே போவது சகஜம்.

சம்பளம் இல்லாமல் லீவு எடுத்தால் விசாவுக்கு என்ன ஆகும்?

லீவு தீர்ந்துவிட்டது, சம்பளம் வேண்டாம், இன்னும் ஒரு மாதம் ஊரில் இருக்கிறேன் என்று சொல்லலாமா? நிறுவனம் சரி என்றாலும் குடியேற்ற விதி குறுக்கே வரலாம்.

பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில், ஒரு காலண்டர் வருடத்தில் சம்பளமில்லா விடுப்பு மொத்தம் 4 வாரத்தைத் தாண்டினால் நிறுவனம் உங்கள் ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்த வேண்டிய நிலை வரலாம். மகப்பேறு, நோய் போன்ற சில காரணங்களுக்கு விலக்கு உண்டு. தனித்தனியாக எடுத்தாலும் மொத்தமாகத்தான் கணக்கு. ஜனவரியில் 2 வாரம், ஆகஸ்டில் 3 வாரம் என்றால் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். நிரந்தரக் குடியுரிமைக்குக் காத்திருப்பவர்கள் எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில், ஹெச்-1பி ஊழியரே கேட்டு எடுக்கும் சம்பளமில்லா விடுப்புக்கு இடம் இருக்கிறது. ஆனால் புராஜெக்ட் இல்லை என்று நிறுவனமே 'பெஞ்சில்' உட்கார வைத்தால் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். "நீங்களே லீவு கேட்ட மாதிரி ஒரு மெயில் போடுங்க" என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள்.

குழந்தை பிறந்தால்

சிங்கப்பூர் போகும் இளம் தம்பதிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 16 வார மகப்பேறு விடுப்பு, 4 வார தந்தையர் விடுப்பு என்று செய்திகளில் வருவது குழந்தை சிங்கப்பூர் குடிமகனாக இருந்தால் மட்டும். பாஸில் வேலை செய்யும் இந்தியத் தம்பதியின் குழந்தைக்கு அது பொருந்தாது. தாய்க்கு 12 வாரம், தந்தைக்குச் சட்டப்படி எதுவும் இல்லை.

கையெழுத்துக்கு முன் ஒரு மெயில்

போனில் பேசும்போது ஹெச்.ஆர். எல்லாவற்றுக்கும் "நோ ப்ராப்ளம்" என்றுதான் சொல்வார்கள். மெயிலில் கேளுங்கள், பதிலையும் மெயிலில் வாங்குங்கள். விடுப்பு வேலை நாளிலா, காலண்டர் நாளிலா? வியாழன், வெள்ளி லீவு எடுத்துத் திங்கள் திரும்பினால் சனி, ஞாயிறைக் கழிப்பீர்களா? பொது விடுமுறை உள்ளே சேருமா? புரொபேஷனில் எத்தனை நாள் எடுக்கலாம்? எடுக்காத நாட்கள் அடுத்த வருடத்துக்குப் போகுமா?

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். அமீரகத்தில் வேலையை விடும்போது மிச்ச விடுப்புக்கான பணம் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படும். மொத்தச் சம்பளம் 15,000 திர்ஹாம், அதில் அடிப்படை 6,000 என்றால் கணக்கு 6,000-க்குத்தான்.

இந்திய நிறுவனமே டெபுடேஷனில் ஜெர்மனிக்கு அனுப்பினால், சம்பளம் சென்னைக் கணக்கில் விழுந்தாலும், அங்கே வேலை செய்யும் காலத்துக்கு அந்நாட்டின் குறைந்தபட்ச விடுப்பு பொருந்தும். "நீங்க இந்தியா பேரோல், இந்தியா பாலிசிதான்" என்று சொன்னால் அதைத் திருப்பிக் கேட்கலாம். ஜெர்மனியில் இன்னொரு நல்ல விதியும் இருக்கிறது. லீவில் ஊருக்கு வந்த இடத்தில் டெங்கு வந்து படுத்துவிட்டால், உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி டாக்டர் சான்றிதழும் கொடுத்தால், அந்த நாட்கள் ஆண்டு விடுப்பில் கழியாது.

தங்கைக்குக் கல்யாணம் தை மாதம் நிச்சயமாகிவிட்டது, நீங்கள் அக்டோபரில் சேர்கிறீர்கள் என்றால், அந்தத் தேதிகளைச் சேரும் முன்பே சொல்லி ஆஃபர் லெட்டரில் எழுதச் சொல்லுங்கள். சேர்வதற்கு முன் நிச்சயமான பயணத்துக்குப் பல நிறுவனங்கள் புரொபேஷனிலும் சம்மதிப்பார்கள். சேர்ந்த பிறகு டிசம்பரில் போய்க் கேட்டால், பதில் மேலாளரின் கையில்.